அண்ணி கையெழுத்துப் போட்ட அட்டை

அண்ணிக்குத் தான் அடித்த பந்து எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. இந்த விஷயம் உலகத்தில் அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனிடம்கூட நாங்கள் மூச்சு விடவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் அவன். சைரனைவிட அவன் வாய்தான் சத்தம்.

அண்ணி ஆஸ்பத்திரி லேப்பில் இருபத்திரண்டு வருடமாகச் சளிப் பரிசோதனை பார்த்தவர். சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நீலப் பரப்பில் சிவப்புக் குச்சி தெரிகிறதா என்று தேட வேண்டும். தெரிந்தால் காசநோய். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போர்வை, படுக்கை விரிப்பு வெளுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி கோல்ஃப் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊழியர்கள் ஆடலாம் என்று ஒரு சலுகை இருந்தது. ஊழியர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அண்ணி மட்டும் இருபத்தொன்பது வயதில் யாரோ கழித்துப் போட்ட மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். பெரிய வீட்டுப் பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். பேசட்டுமே! நாலே வருடத்தில் அத்தனை பேரையும் தோற்கடித்தார்.

உலக அளவில் பெண்களுக்கு ஒரு குழுப் போட்டி உண்டு. காசுக்காக ஆடாதவர்கள் மட்டும் ஆடுவது. நாட்டுக்கு மூன்று பேர், நாலு நாள். ஒவ்வொரு நாளும் மூன்று பேரில் நன்றாக ஆடிய இரண்டு பேரின் கணக்கு மட்டும் எடுப்பார்கள். மூன்றாவது ஆள் ஆடியது குப்பைக்கு. பதினேழு வருடமாக அண்ணிக்கு அதுதான் ஏக்கம். தேர்வில் எப்போதும் நாலாவதாக வருவார். நாற்பத்தாறாவது வயதில்தான் மூன்றாவது இடம் கிடைத்தது.

போட்டிக்கு எட்டு மாதம் இருக்கும்போதே கண் போக ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிறு நான் சும்மா கூடப் போயிருந்தேன். பந்தை அடித்துவிட்டுத் தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே, “எங்க போச்சு?” என்றார். பந்து நேர் எதிரே, வெட்டவெளியில் கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியூர்க் கண் டாக்டரிடம் இரண்டு பேரும் ரகசியமாகப் போனோம். ஓரத்துப் பார்வை இருக்கும், நடுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்று அவர் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா டீம்லயும் இருக்க முடியாது, லேப்லயும் இருக்க முடியாது. போட்டி முடியட்டும், நானே சொல்றேன்.”

“லேப்ல எப்படி அண்ணி சமாளிக்கறீங்க?”

“இருபத்திரண்டு வருஷம் பழகின கண்ணு. ஓரத்துல பாத்தே கண்டுபிடிச்சிடுவேன். நீ உன் துணியப் பாரு.”

நான் நம்பினேன் என்று சொன்னால் அது பொய். நம்பிக்கொள்வது வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நானே கூடப் போனேன். குழியில் நட்ட கொடி எத்தனை தப்படி, சரிவு எந்தப் பக்கம், பந்து எந்தப் புல்லில் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அடிப்பதை உடம்பு பார்த்துக்கொண்டது. “நாத்தனார் சொல்லி அண்ணி கேக்கற ஒரே வீடு நம்ம வீடுதான்” என்று சிரிப்பார். எனக்குக் கோபம் மூக்குமேல் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மைதானத்தில் ஒருநாளும் கத்தியதில்லை.

போட்டிக்குப் போனோம். அண்ணியோடு ஒரு பல் டாக்டரம்மா, ஒரு கல்லூரிப் பெண். முதல் நாள் அண்ணி ஆடியது குப்பைக்குப் போனது. அறைக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். இரண்டாம் நாள் மூன்று பேரில் அவரே முதல். மூன்றாம் நாள் காலையில் கல்லூரிப் பெண்ணுக்கு மணிக்கட்டு வீங்கி மட்டையைப் பிடிக்கவே முடியவில்லை. மிச்சம் இருந்தது இரண்டே பேர். இனி இரண்டு பேர் கணக்கும் வேண்டும். ஒன்று போனால் நாட்டுக்கே கணக்கு இல்லை.

அன்றைக்கு அண்ணி ஆடினார் பாருங்கள்! பதினெட்டுக் குழியையும் எழுபத்து நாலே அடியில் முடித்தார்; அடி குறையக் குறையத்தான் இதில் வெற்றி. அந்த மைதானத்தில் அதை அடிக்க வெள்ளைக்காரப் பெண்களே திணறினார்கள். கடைசிக் குழியில் பந்து விழுந்த சத்தத்தைக் கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இந்த ஆட்டத்தில் நம் அடிக் கணக்கு அட்டையை நாம் எழுதக் கூடாது. கூட ஆடுகிற வேற்று நாட்டுப் பெண்தான் நம் அடிகளைக் குழி வாரியாக எழுதுவாள். முடிந்ததும் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் கூடாரத்துக்குள் போய் நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழியில் ஆடியதைவிடக் குறைவாக எழுதியிருந்து, அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால் அன்றைய ஆட்டமே செல்லாது. பை தூக்குகிறவர்கள் கூடாரத்துக்குள் போகக் கூடாது. நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன்.

அந்தப் பெண் பதினாலாவது குழியில் தான் அடித்த மூன்றை அண்ணி பேரில் எழுதியிருந்தாள். அண்ணி அடித்தது ஐந்து. அண்ணி அட்டையைக் கையில் வாங்கினார், விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். “இன்னொரு தடவை பாக்கறீங்களா?” என்ற மாதிரி அதிகாரி ஏதோ கேட்டதும் அண்ணி தலையாட்டி மறுத்ததும் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். கூடவே நடந்து எண்ணியவர்களின் தாளும் அட்டையும் ஒத்துப்போகவில்லை. அண்ணியின் ஆட்டம் ரத்து, எங்கள் நாட்டின் கணக்கும் ரத்து.

பல் டாக்டரம்மா அப்போதுதான் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்தார். அட்டையைப் பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா, இவ்வளவு பெருசா மூணுன்னு போட்டிருக்கு. எப்படி அக்கா விட்டீங்க?”

அந்தம்மா அட்டையை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டி, வேறொரு குழிக்கு எழுதியிருந்த நாலைத் தொட்டுக் காட்டினார். “இது என்ன நம்பர், சொல்லுங்க.”

அண்ணி வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். “அஞ்சு” என்றார்.

அந்தம்மாவின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. டாக்டர் ஆயிற்றே. கொஞ்ச நேரம் அண்ணியின் கண்ணையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அக்கா, நீங்க லேப்ல என்ன வேலை பாக்கறீங்க?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே அண்ணி தானே போய் மேலதிகாரியிடம் சொன்னார். எட்டு மாதக் கண்ணாடிகளை எடுத்து வேறு ஆட்களை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். நோய் இல்லை என்று அண்ணி எழுதியதில் பதினோரு பேருக்கு இருந்தது. அண்ணன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து அப்போதுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணி அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து, உறையை என் பக்கம் தள்ளினார். “படி.”

முதலில் நான் கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தேன். “பதினோரு பேரையும் கண்டுபிடிச்சு மருந்து ஆரம்பிச்சுட்டாங்களாம் அண்ணி.”

“அவ்வளவுதான் போட்டிருக்கா?”

“அவ்வளவுதான்.”

“ரெண்டு பக்கம் இருக்கே. தாளத் திருப்பின சத்தம் கேட்டுச்சே.”

நான் தாளை மடிக்கப் போனேன்.

“மைதானத்துல நீ எனக்கு ஒரு அடிகூடத் தப்பாச் சொன்னதில்ல. இதையும் சரியாச் சொல்லு.”

படித்தேன். பத்துப் பேருக்கு மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. பதினோராவது, பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். நோய் இல்லை என்று அண்ணி எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு, வெறும் இருமல்தான் என்று திரும்ப வேலைக்குப் போயிருக்கிறான். அவன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“வயசு?”

“இருபத்தாறு.”

“வீட்டுல யாரு?”

“பொண்டாட்டி. கைக்குழந்தை. ரெண்டு பேருக்கும் தொத்தியிருக்கு, அண்ணி. அவங்களுக்கும் இப்ப மருந்து குடுக்கறாங்க.”

அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. “எனக்குத் தெரியும் அண்ணி, உங்களால பாக்க முடியாதுன்னு அப்பவே எனக்கும் தெரியும்” என்று நான்தான் கத்தினேன்.

“அவங்க வீட்டு விலாசம் இருக்கா அதுல?”

இருந்தது.

“செருப்ப மாட்டு” என்றார்.