ஜமால் பாய் வண்டிக்காகக் கெர்ப் கல்லை இறக்கிய கதை

சாலையோரம் வரிசையாக நடும் கெர்ப் கல்லை உடைக்கச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றவர்கள் ஏராளம். பெயர்த்த கல்லை அன்றைக்கே திரும்ப வைக்கச் சொன்னவர் ஒருவர்தான். அவர் ஜமால் பாய். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுப் புதிதாக சைட்டுக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் முகம்தான்.

நான் சாலை வேலை எடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். வீடு விழுப்புரத்தில், வேலை பெரும்பாலும் திண்டிவனம் பக்கம். அங்கே ஒரு தெருவில் மழைநீர் வடிகால் கட்டி, மேலே ஸ்லாப் மூடி நடைபாதை ஆக்கி, சாலையோரமாகக் கெர்ப் கல் வரிசை நட்டோம். கல் சாலையைவிட முக்கால் அடி உயரம். பைக் வைத்திருந்தவர்கள் பலகை போட்டு ஏற்றினார்கள். கார் வைத்திருந்தவர்கள், நான் அந்தப் பக்கம் திரும்பியதும், சாலைக்குள் நீட்டி சிமென்ட் ரேம்ப் போட்டார்கள். ரேம்ப் போட்டால் சாலையோரம் தண்ணீர் ஓடாது. நான் இடிப்பேன், அவர்கள் திட்டுவார்கள், என் வாயும் சும்மா இருக்காது. அந்தத் தெருவில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

1. வண்டி

ஜமால் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் இருபது வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பி, மனைவி மும்தாஜின் ஊரான திண்டிவனத்தில் குடியேறியிருந்தார். நீளமான வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வைத்து மோட்டார் ஹோமாக மாற்றியிருந்தார். மசாலா டப்பாக்கள் வளைவில் உருளாமல் இருக்க அவர் அடித்திருந்த மரத் தடுப்பைப் பார்த்ததும், என் வீட்டுச் சமையலறையை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வண்டி வீட்டுக்குள் ஏறவில்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் வால் நீளம். எந்த ரேம்ப் போட்டாலும் முன்பக்கம் மேலே ஏறும், வால் தார்ச்சாலையில் தேயும். சாலையில் நிறுத்தினால் போகிற லாரி கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனது. விக்கிரவாண்டியில் ஒரு லாரி ஷெட்டில் விட்டார், பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் வண்டியை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். பாண்டிச்சேரியில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மும்தாஜ் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார். “இருவது வருசமா இவரு போன்ல எனக்கு ரோடு சொன்னாரு மேடம். இங்க மலை, இங்க கடலுன்னு. நான் கேட்டுக்கினே சோறு வடிச்சேன். இப்பதான் கூட்டிக்கினு போறேன்னு வண்டி கட்டினாரு. இதையும் வித்துட்டா, நான் பழையபடி கேட்டுக்கினுதான் இருக்கணும்.”

“விக்காதீங்க. கேட்டுக்கு எதிரில கல்லைப் பேத்து ரோடு மட்டத்துக்கு இறக்கி, வெயிட் தாங்குற ஸ்லாப் போட்டுத் தர்றேன். பர்மிஷன் மட்டும் வாங்கிக்கினு வாங்க” என்றேன்.

பர்மிஷன் தருவது சாலைத் துறையின் விழுப்புரம் ஆபீசில். பாய் சலிக்காமல் பஸ் ஏறிப் போய் வந்தார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த இன்ஜினியர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

“உங்களுக்கு இறக்கினா தெரு முழுக்க வந்து நிப்பாங்களேய்யா?”

“நிக்கட்டும் சார்” என்றார் பாய். “கேக்காம ரேம்ப் போடறதுக்கு, உங்ககிட்ட வந்து கேட்டா நல்லதுதானே.”

இன்ஜினியர் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்தது.

2. மழை

வேலை தொடங்கிய அன்று பாய் வண்டியை ஷெட்டிலிருந்து ஓட்டிவந்து எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார். எங்கள் கொத்தனார் ஏழுமலை மதியத்துக்குள் கேட்டுக்கு எதிரே இருந்த கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டார். மும்தாஜ் எங்களுக்கு டீ கொண்டுவந்தார். அப்போது பிடித்தது மழை.

பாய் வீட்டுக்கு அடுத்த வீடு சரோஜாம்மாவுடையது. கணவரை இழந்தவர், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். சாலை போடப்போட உயர்ந்துகொண்டே போனதில் அவர் வீடு பள்ளமாகிவிட்டது. கெர்ப் கல் வந்த பிறகுதான் மழைநாளில் அவர் வாசல் நனையாமல் இருந்தது. இது எங்கள் டிராயிங்கில் இல்லை. டிராயிங்கில் சாலையின் லெவல் இருக்கும், யார் வீட்டு வாசல்படியின் லெவலும் இருக்காது.

சாலைத் தண்ணீர் நாங்கள் பெயர்த்த இடத்தில் நுழைந்து, நடைபாதை ஸ்லாப்மேல் ஓடி, நேராக சரோஜாம்மா வீட்டுக்குள் இறங்கியது. கூடத்தில் அறுவடை செய்த மல்லாட்டை மூட்டைகள்.

“ஐயோ, மூட்டை நனையுதே!” என்று அவர் கத்தியதுதான் தெரியும். நான் மணல் மூட்டைக்கு ஆள் கூப்பிடுவதற்குள் பாய் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வண்டியை நோக்கி ஓடினார். ஏழுமலையும் தூக்கினார். வண்டிக்குள் மும்தாஜ் நின்றுகொண்டு, “கட்டில்மேல போடுங்க, அங்கதான் ஈரம் படாது” என்றார். இன்னும் ஒருநாள்கூடப் படுக்காத மெத்தை, புது விரிப்பு. அதன்மேல் மண்ணோடு மல்லாட்டை மூட்டைகள் அடுக்கப்பட்டன.

மழை விட்டதும் மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கினோம். பாய் சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார்.

“மேடம், கல்லை வெச்சிடுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தினி நடை நடந்து வாங்குன பர்மிஷன் பாய் இது! கொஞ்சம் பொறுங்க, தண்ணிக்கு வேற வழி பாக்கலாம்.”

“வழி கெடைக்கிறதுக்குள்ள அடுத்த மழை வந்துச்சுன்னா? அந்தம்மா வூட்டுல தண்ணிய வுட்டுட்டு, வண்டி நிக்குதுன்னு நான் எப்படி மேடம் தூங்குவேன்? வெச்சிடுங்க.”

நான் மும்தாஜைப் பார்த்தேன். அவராவது தடுப்பார் என்று நினைத்தேன். அவர் மண்ணான விரிப்பைச் சுருட்டியபடி கணவரிடம், “பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் பண்ணிடுங்க” என்றார். ஏழுமலை கல்லை வைக்க வைக்க, நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். இப்படிப்பட்ட இரண்டு பேரை அதற்கு முன் எந்த சைட்டிலும் நான் பார்த்ததில்லை.

3. சுவர்

மறுநாள் காலை நான் சைட்டுக்குப் போனபோது பாய் வீட்டு வாசலில் சரோஜாம்மா நின்றிருந்தார்.

“இன்ஜினியரம்மா, எங்க களத்தாண்ட கல்லை இறக்கினா தண்ணி வருமா?”

அவர் வீட்டைத் தாண்டி, தெரு சரிகிற பக்கமாக, மல்லாட்டை காயவைக்கும் களம் இருந்தது. மண் கொட்டி மேடாக்கிய இடம். அது அப்படியே வீட்டின் பின்னால் சுற்றிப் போய் பாய் வீட்டுப் பின்பக்கம், இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரில் முட்டும். லெவல் வைத்துப் பார்த்தேன். அங்கே கல்லை இறக்கினால் தண்ணீர் வீட்டுப் பக்கம் ஏறாது, களத்திலும் ஏறாது, அடுத்திருந்த சிறுபாலத்துக்குப் போய்விடும். இவ்வளவு நல்ல இடத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

“வராதும்மா. ஆனா அது உங்க இடமாச்சே?”

“என் களத்து வழியா வண்டி வரட்டும். பின்னால சுத்தி வந்து, அந்தச் செவுத்தை ஒடைச்சா பாய் வூட்டுக்குள்ளயே நிக்கும்ல?”

பாய் பதறிவிட்டார். “வேணாம்மா. அது உங்க வூட்டுக்காரரு கட்டுன செவுரு.”

எங்கள் பக்கத்தில் ஒரு சாண் சுவருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள். பத்திரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சைட்டுக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பேச்சு இத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

“அவரு கட்டுனாரு. கல்லு சுமந்தது யாரு? நான்தானே” என்றார் சரோஜாம்மா. “நான் சொல்றேன், ஒடைங்க.”

இடம் மாறியதால் திரும்பவும் விழுப்புரம் போகவேண்டியிருந்தது. இந்தமுறை பாயும் மும்தாஜும் சரோஜாம்மாவும் அந்த வண்டியிலேயே போய் இறங்கினார்கள். இன்ஜினியர் கீழே இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே ஏறி உட்கார்ந்து ஒரு டீயும் குடித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

களத்துக்கு எதிரே கல்லை இறக்கினோம், கனமான ஸ்லாப் போட்டோம், அது இறுகியதும் சுவரை உடைத்தோம். பாய் வண்டியை மெதுவாக ஏற்றினார். வால் எங்கேயும் உரசவில்லை. மும்தாஜ் பின்னாலேயே நடந்து வந்து, வண்டி தன் வீட்டு மண்ணில் நின்றதும் அதன் கதவைத் தொட்டுப் பார்த்து அழுதார். பாண்டிச்சேரிக்காரருக்கு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் பயணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கெர்ப் கல்லை இறக்கும்முன், கேட்பவர் வாசலில் மட்டும் நின்று பார்க்காதீர்கள். தண்ணீர் எந்த வீட்டில் போய் இறங்குமோ, அந்த வீட்டு வாசலிலும் போய் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள். நான் முதலிலேயே சரோஜாம்மாவிடம் பேசியிருந்தால் மூட்டைகள் நனைந்திருக்காது.

வேலை முடிந்த அன்று, உடைத்த சுவரின் இடைவெளியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். “இங்க பெருசா ஒரு கேட்டு போட்டுடலாம். வண்டி வெளியூர் போயிருக்கும்போது ரெண்டு வூடும் தொறந்து கிடக்குமே” என்றேன்.

மும்தாஜும் சரோஜாம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எதுக்கு?” என்றார்கள் இருவரும்.

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டேன்.