சர்க்கரை இல்லாத லட்டு

உடல்நலம் பற்றி நாலு புத்தகம் படித்தவன் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து. அதைப் போன கிறிஸ்துமஸ் லீவில் நானே நிரூபித்தேன்.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் தெருப் பெற்றோர்களில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று கூப்பிட்டு, தெருக் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு அடுப்பில்லாத பலகாரம் சொல்லிக்கொடுத்தேன். பேரீச்சம்பழமும் வறுத்த வேர்க்கடலையும் இடித்துப் பிடித்த லட்டு. கூடவே ஆரோக்கியப் பிரசங்கம். லட்டுக்காக அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

புதிதாகக் குடிவந்த வீட்டு ஒன்பது வயது ஷீபா மட்டும் லட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அங்கிள், இதுல நெஜமாவே சக்கரை இல்லியா? நான் சாப்பிடலாமா?"

"ஒரு சிட்டிகைகூட போடலம்மா. எவ்ளோ வேணா சாப்பிடு."

ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஆசை தீரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் விடாமல் வாந்தி. ரயிலிறங்கி ஓடிவந்த அவள் அம்மா விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தபோதுதான், அவள் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் விரைந்தோம். அம்மா அழுதுகொண்டே திட்டினாள்.

"இன்னாடி சொல்லி வச்சிருக்கேன்? பெரியவங்கள கேக்காம எதையும் வாயில வெக்காதன்னு சொன்னனா இல்லியா?"

"கேட்டுட்டுதாம்மா சாப்ட்டேன்" என்றாள் ஷீபா, கண்ணைத் திறக்காமலே.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரெண்டு நாளில் தேறிவிட்டாள். பேரீச்சையின் இனிப்பும் ரத்தத்தில் சர்க்கரைதான் என்பது எனக்குத் தெரியாததில்லை. அன்று அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் குழந்தை தன் கடமையை ஒழுங்காகச் செய்தாள். பெரியவர் ஒருவரைக் கேட்டாள். அங்கே இருந்த பெரியவர் நான்.