பிளாட்டில் ஒற்றை வீடு

ராஜபாளையத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் எனக்குச் சொந்த வீடு ஊருக்கு வெளியேதான் வாய்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பருத்தி விளைந்த கரிசல் காட்டைப் பிளாட் போட்டிருந்தார்கள். தார் ரோடும் விளக்குக் கம்பங்களும் இருந்தன. குடிவந்தது நாங்கள் மட்டும். மற்றவர்கள் கல் ஊன்றிவிட்டுப் போனதோடு சரி.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் கிளம்பினால் கடை அடைத்த பிறகுதான் திரும்புவேன். என் மனைவி பள்ளிவாசல் தெருவில் பிறந்து வளர்ந்தவள். இந்த வீட்டுக்கு வந்த பின் முதல் நோன்பு மாதத்தில் ஒருநாள் நான் லீவு போட்டிருந்தேன். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பாங்கு சத்தமே கேக்க மாட்டேங்குதுங்க. செல்லுல மணி பாத்துத்தான் நோன்பு தொறக்கேன்."

"கொஞ்சம் பொறு. பக்கத்துல ஆளுக வந்துருவாக."

"இதையேதான் சொல்லுதீய."

சில மாதம் கழித்து எங்கள் பக்கம் ஓடும் மினிபஸ்ஸின் கண்டக்டர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. உங்க வீட்டு அக்கா தெனமும் ஸ்டாப்ல ஒக்காந்திருக்காக. நிறுத்துனா ஏற மாட்டேங்காக."

வீட்டில் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "காலேஜ் பஸ்ஸுல பிள்ளைக சிரிச்சிக்கிட்டே போகுதுக. செத்த நேரம் பாத்துட்டு வாரேன், அம்புட்டுதான்" என்றாள்.

பிறகு அதற்கும் போவதை நிறுத்தினாள். சமைப்பதும் நின்றது. நான் வரும்போது லைட் போடாமல் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, "ஆள் பேச்சு வேணும்" என்றார். அதை எந்தக் கடையில் வாங்குவேன்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் அக்கா வந்து பார்த்தார். "ஒரு வாரம் எங்கூட இருக்கட்டும் தம்பி" என்று கூட்டிப்போனார். போன மழைக்கு முன்னால் நடந்தது அது. அவள் திரும்பவில்லை.

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ சொல்லிவைத்தேன். கேட்டு வருகிறவர்கள் கேட்டில் நின்று நாலாபுறமும் பார்க்கிறார்கள். "பொறவு சொல்லுதேன்" என்று போய்விடுகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. "நீங்களும் இங்கனயே வந்துருங்களேன்" என்றாள். மகள், மருமகனோடு அக்கா ஒண்டியிருக்கும் இரண்டு அறை வீடு அது. "பாப்போம்" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

வழியனுப்ப வாசல்வரை வந்தாள். நான் தெருமுனை திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசத் தொடங்கியிருந்தாள்.