பெண்கள் பக்கத்து வாங்கு

கலஹாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் புது ஸ்பீக்கர் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அந்தத் திமிரும் இருந்தது. கமிட்டி ஆண்களுக்கு அம்பிட்டியக் கோவிலைவிடப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். அற்பர்கள் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே திட்டம் போட்டேன். பணம் கொழுந்து பறிக்கும் பெண்கள் கொடுத்த ஒருநாள் சம்பளம். இரண்டு பெட்டிகளுக்குத்தான் போதும்.

அவர்களில் ஒருவரான செல்வியக்கா கேட்டார்: "தம்பி, ஒருக்கா எங்க பக்கம் உக்காந்து கேட்டுட்டு வாங்குங்களேன்."

"அக்கா, இதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது."

பெரிய பெட்டிகள் இரண்டு வாங்கிப் பீடத்தருகே மாட்டி, ஆண்கள் பக்கம் நின்று கேட்டேன். கணீரென்று இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி என் கையைக் குலுக்கியது.

"ஃபாதர் இன்னைக்கு பிரசங்கம் வச்சாரா தம்பி? எங்களுக்குத் தகரந்தான் பேசிச்சு," என்றார் செல்வியக்கா. பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கத்துக் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மோதிய இரைச்சல்தான் வந்தது. ஃபாதரின் வாய் மட்டும் அசைந்தது. பிறந்ததிலிருந்து போகும் கோவிலில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. நான் இகழ்ந்த கமிட்டிக்காரர்கள்கூட அந்த அக்காவின் வாயை அடைக்கவில்லை; அடைத்தவன் நான்.

ஒரு பெட்டியைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திருப்பி எடுத்தார். அந்தக் காசில் சிறிய பெட்டிகள் இரண்டு வாங்கி, பெண்கள் பக்கம் செல்வியக்கா காட்டிய தூண்களில் மாட்டினேன். பெரிய பெட்டி ஒன்றுதான் மிஞ்சியதில் கமிட்டிக்கு மானம் போய்விட்டதாம். போகட்டும். படித்தவன் என்ற பெயரில் நான் நடந்துகொண்டதைவிட அது பெரிய அவமானம் இல்லை.