விட்டுக்கொடுத்த பதினாறு மெகாபைட்

போன செவ்வாய்க்கிழமை என் லாப்டொப் விழித்துக்கொள்ள மறுத்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, நடுவில் ஒரு வரியில் நின்றன. ‘ஃபேம்வெயரில் பிழை, சமாளித்துக்கொண்டு போகிறேன்’ என்பதுதான் அந்த ஆங்கில வரியின் சாரம்.

நான் சிரித்துவிட்டேன்.

“மெஷின் செத்துக் கிடக்கு, நீங்கள் சிரிக்கிறியள்?” என்றாள் மனைவி.

என்ன சொல்ல? அந்த ஒரு வரி என்னை நேரே திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. போர்க்காலத்து உப்புவெளி. கடற்கரை வீதியில் ஒரு மீனவர் சங்கக் கட்டடம், அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கிழட்டுக் கொம்பியூட்டர்.

அப்போது நான் திருகோணமலை டவுனில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் ஊருக்கே ‘மாஸ்டர்’. யாரோ நன்கொடையாகக் கொடுத்த அந்த மெஷினை வைரஸ் தின்றுவிட்டிருந்தது. ஒரு சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியில் லினக்ஸ் இருந்தது. அதைப் போட்டு எழுப்பினேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மெஷினுக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான். கடலுக்குப் போகிற ஆட்களின் பட்டியல். பெயர், அடையாள அட்டை இலக்கம், வள்ளத்தின் இலக்கம். திங்கட்கிழமைதோறும் அதை அச்சடித்துக் கடற்படையின் சென்றியில், அதாவது காவலரணில், கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ளதும் கையில் உள்ள அட்டையும் பொருந்தினால் கடல். பொருந்தாவிட்டால் கரை.

ரைப் பண்ணுகிறவர் செல்வராணி. சங்கத்தின் கிளாக், அதாவது எழுதுவினைஞர். என் வயதுதான் இருக்கும். ஒரு கொப்பியில் எல்லா இலக்கத்தையும் கையால் எழுதி, ரைப் பண்ணி முடித்த ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனாவால் ‘சரி’ போடுகிறவர்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய கணவர் தவராசாவையே சென்றியில் நிறுத்திவிட்டார்கள். அட்டையில் ஒன்பது இலக்கம், பட்டியலில் எட்டு. அந்த நாட்களில் அது சின்ன விஷயமா? மத்தியானம் வரை வெயிலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, அடுத்த பட்டியலோடு வா என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரம் கடல் இல்லை.

சங்கத்தில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை.

“ரைப்பிங் மிஸ்ரேக்” என்றேன். “மெஷின் தானா ஒரு இலக்கத்தை விழுங்காது.”

“நான் விட இல்லை மாஸ்டர்” என்றார் செல்வராணி. கொப்பியைத் திறந்து சிவப்புச் ‘சரி’யைக் காட்டினார். சொந்தப் புருஷனின் இலக்கத்தையே பிழையாக அடித்தவள் என்று அத்தனை பேர் முன்னால் ஆக்கிவிட்டேன். அந்த முகத்தை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கூசும்.

வெள்ளிக்கிழமை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அடித்தார், நான் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்பது. அச்சுக் குத்தினாற்போல. ஆனால் முடித்துவிட்டு மேலே போய்ப் பார்த்தால்... நிலாவெளி ஆள் ஒருவருக்கு எட்டு!

கண்ணாடியைத் திரும்பவும் துடைத்துப் பார்த்தேன். எட்டேதான்.

“மாஸ்டர், இன்னொரு கதை” என்றார் செல்வராணி. “திரையின்ர மேல் கரையில நிறம் நிறமாப் புள்ளி வருதெல்லோ? நீங்கள் மொனிட்டர் பழுது எண்டு தட்டினீங்கள். சின்னக் கடிதம் அடிக்கேக்க அது வாறதில்லை. பட்டியல் பெருக்கேக்கதான் வருது.”

வகுப்பு நடத்துகிறவன் நான். கவனித்தது யார் என்று பார்த்தீர்களா?

சனிக்கிழமை காலை டவுனுக்குச் சைக்கிள் மிதித்துப்போய், இன்ரநெற் வசதி இருந்த ஒரு கொமினிகேஷன் கடையில் இருந்து லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றுக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதிப் போட்டேன். பின்னேரம் பதில் வந்திருந்தது. எந்த நாட்டு மனிதரோ, தெரியாது. திருகோணமலை எங்கே என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

விஷயம் இதுதான். கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் எழும்புவது மதர்போர்டில் பதித்து வைத்த ஒரு சின்னப் புரோகிராம். அதுதான் ஃபேம்வெயர். கேர்னல் என்கிற தலைமை வேலையாள் வந்ததும் அது ஒரு வரைபடத்தைக் கையில் கொடுக்கும். ‘இதோ மெமறி, நூற்றிருபத்தெட்டு மெகாபைட், இங்கிருந்து இதுவரை உன்னுடையது.’ கேர்னல் அதை நம்பும். வேறு வழி? ஆனால் எங்கள் போர்டு ஒன்றை மறைத்துவிட்டது. அந்த மெமறியின் கடைசித் துண்டைத் திரையில் படம் வரைகிற சிப்பும் பாவிக்கிறது. பட்டியல் நீண்டு அந்தத் துண்டுக்குள் போனால் நம் இலக்கங்கள் திரையில் புள்ளியாகத் தெரியும். சிப் தன் கறுப்பைப் பூசினால் நம் இலக்கம் காணாமல் போகும்.

போர்டைத் திருத்த ஏலாது. ‘வரைபடத்தை நம்பாதே, நூற்றிருபது மெகாபைட்டோடு நிறுத்திக்கொள்’ என்று கேர்னலுக்கு நாமே சொல்லிவிடலாம், மெஷின் எழும்பும்போது ஒரு வரி அடித்தால் போதும் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர்.

ஞாயிறு காலை சங்கத்துக்கு ஓடினேன். அடித்தேன். பட்டியலைத் திறந்தோம். புள்ளிகள் போய்விட்டன... ஒரேயொரு சிவப்புப் புள்ளியைத் தவிர.

“எட்டு மெகாபைட்டை விட்டாப் போதும் எண்டுதானே எழுதியிருக்கிறார்!” என்று மேசையில் குத்தினேன். மறுநாள் திங்கள். நாற்பத்தெட்டுப் பேரின் பெயர் உள்ளே இருக்கிறது.

கடலுக்குப் போக முடியாமல் வாசற்படியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தவராசா தலையை நிமிர்த்தினார்.

“என்ன மாஸ்டர் பிரச்சினை?”

சொன்னேன். எங்கள் பங்கு எதுவரை, அடுத்தவன் பங்கு எங்கே தொடங்குகிறது என்பது சரியாகத் தெரியவில்லை என்றேன்.

“எங்களுக்கும் கடலுக்குப் போற பாஸில இவ்வளவு தூரம் போகலாம் எண்டு எழுதியிருக்கு” என்றார். “அந்தக் கோடு தண்ணியில எங்க கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்? நாங்கள் ஒருத்தரும் அது மட்டும் போறதில்லை. நல்லாக் கிட்டவாத் திரும்பிடுவம். அங்கால மீன் துள்ளும்தான்... துள்ளட்டும். நீங்களும் இன்னும் கொஞ்சம் விட்டுப்போட்டு வாங்கோவன்.”

“இன்னும் எட்டை விட்டா மெஷின் மெதுவாகும்.”

“மெதுவா ஓடட்டும் மாஸ்டர். ஆள் வீட்ட வரோணும்.”

மெஷினைத் திரும்ப எழுப்பி நூற்றுப்பன்னிரண்டு என்று அடித்தேன். பட்டியலைத் திறந்தோம். புள்ளி இல்லை. நிலாவெளி ஆளின் விடுபட்ட இலக்கத்தைத் திரும்ப அடித்தோம். செல்வராணி கொப்பியைப் பார்த்து வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டுப் பேர், எல்லோருக்கும் ஒன்பது இலக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

தலைவர் வந்ததும் அவர் முன்னாலேயே செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிழை உங்களில் இல்லை, மெஷினிலும் என்னிலும்தான் என்றேன்.

 செல்வராணி ஒரு பேப்பர் துண்டில் அந்த வரியை எழுதச் சொல்லி வாங்கி, மொனிட்டரின் நெற்றியில் ஒட்டினார். கதிரையை என் பக்கம் தள்ளி, தவராசாவைக் காட்டினார்.

“இவற்ற இலக்கத்தை நீங்களே ஒருக்கா அடியுங்கோ. அடிச்சுப்போட்டுச் சத்தமா வாசியுங்கோ.”

அடித்தேன். வாசித்தேன்.

திங்கள் பட்டியல் போனது. தவராசா கடலுக்குப் போனார். மத்தியானம் வகுப்பு வாசலில் ஈர்க்கில் கோத்த நாலு பாரை மீன் தொங்கியது. வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோய் அழகு பார்த்துவிட்டுத்தான் வெட்டக் கொடுத்தேன்.

எனக்கு அந்த வாரம் கிடைத்தவர்களை யோசித்துப் பார்க்கிறேன். முகம் தெரியாத எனக்காக ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதிய அந்த மனிதர். குற்றம் சாட்டியவனுக்கே மூளையைக் கடன் கொடுத்த செல்வராணி. கடல் பாஷையில் கேர்னல் பாடம் எடுத்த தவராசா. பிழை என்று வந்தால் மெஷினை விட்டுவிட்டு மனிதரைச் சந்தேகிக்கிற என் புத்தியை மூன்று பேருமாகச் சேர்ந்து திருத்தினார்கள். ஃபேம்வெயரைத் திருத்த முடியாது, என்னைத் திருத்த முடிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய உபகாரம்!

செல்வராணி லேசில் விடவில்லை. நான் அந்த ஊரில் இருந்தவரை ஒவ்வொரு திங்களும் பட்டியல் போக முன் என்னைக் கூப்பிடுவார். “மாஸ்டர், இவற்ற இலக்கத்தை வாசியுங்கோ.” நான் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பேன். பிறகு திரையைப் பார்க்காமலே வாசிப்பேன்.

என் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டால் இன்றைக்கும் பேர்ஸைத் திறந்துதான் பார்ப்பேன். தவராசாவின் இலக்கத்தைக் கேளுங்கள்... ஒன்பதையும் சொல்வேன்!