மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து

கெட்ட மெயிலைத் தடுக்க வைத்த ஃபில்டர் ஒரு நல்ல மெயிலையும் தடுத்தால், அது வேலை செய்கிறது என்று சொல்வதா, செய்யவில்லை என்று சொல்வதா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஏற்றுமதி அலுவலகம். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவள் நான். இந்த வேலைக்கு அது நல்லதா கெட்டதா என்பதிலும் சந்தேகம்தான்.

பிராட்பேண்ட் வந்த புதிதில், ஆர்டர் பார்க்கும் ரஹீம் பாயின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, எங்கள் செர்வர் வழியாகக் குப்பை மெயில்கள் கொட்டின. வெளியே உள்ள மெயில் கம்பெனிகள் எங்களை பிளாக் லிஸ்டில் போட்டுவிட்டன. பில்கூடப் போகவில்லை. அதிலிருந்து மீண்டதும், வெளியே போகிற மெயிலுக்கும் ஸ்பேம் ஃபில்டர் வைத்தேன். மாட்டுகிற மெயில் ஒரு தனி ஃபோல்டரில் நின்றுவிடும். அனுப்பியவருக்குத் தகவல் போகாது. மறுபடி வைரஸ் வந்தால் அந்தத் தகவல்களே செர்வரை நிறைத்துவிடும் என்ற பயம்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் மதியம் முதலாளி என் மேஜைக்கே வந்து நின்றார்.

“ஏம்மா, சிங்கப்பூர்லருந்து போன் பண்ணிக் கத்துறாங்க. பொண்ணோட முகூர்த்தப் புடவைக்குக் கலர் கேட்டு மெயிலே வரலையாம். சாயப் பட்டறையில நூலை வெச்சிக்கினு உட்கார்ந்திருக்கான். இன்னைக்குக் கலர் தெரியலைன்னா பாவு நூலு தறிக்கு ஏறாது. முகூர்த்தத்தைத் தள்ளி வைங்கன்னு நான் சொல்ல முடியுமா?”

“நான் ரெண்டு தபா அனுப்பிட்டேன்மா. சென்ட் ஐட்டம்ல இருக்குது, வந்து பாரு” என்றார் ரஹீம் பாய்.

“போன்லயே கேட்டுடலாமே பாய்?”

“அரக்குல நாலு சாம்பிள் போட்டோ வெச்சிருக்கேன். எந்த அரக்குன்னு போன்ல எப்படிமா காட்டுறது?”

என் சொந்த மெயிலுக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன். வந்தது. பாயின் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்று அனுப்பச் சொன்னேன். அதுவும் வந்தது. “நம்ம செர்வர்ல ஒண்ணும் இல்ல சார், கோளாறு அவங்க பக்கம்தான்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் சந்தேகம் வந்தது. செர்வரின் பதிவேடான லாகைத் திறந்தேன். சிங்கப்பூர் முகவரிக்கு நேராக, இரண்டு முறையும், நிறுத்தப்பட்டது என்று இருந்தது.

அந்தத் தனி ஃபோல்டரைத் திறந்தேன். இன்னும் சில மெயில்களும் அங்கே நின்றன. பில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே கல்யாண ஆர்டர்.

ஒன்றைத் திறந்தேன். மஞ்சள் பின்னணி. பெரிய சிவப்பு எழுத்து. நாலு போட்டோ, இரண்டே வரி. கீழே, சுத்தப் பட்டுக்கு உத்தரவாதம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில். கல்யாண விஷயம் என்பதால் பத்திரிகை மாதிரியே மெயிலும் போக வேண்டும் என்பது முதலாளி வைத்த வழக்கம். ஃபில்டர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ஸ்கோர் போட்டிருந்தது. தனித்தனியாக எதுவும் குற்றமில்லை. கூட்டினால் எல்லை தாண்டியது. நான் சோதித்த மெயில்களோ வெள்ளையில் கறுப்பு எழுத்து. அவை ஏன் மாட்டப்போகின்றன?

நின்றதையெல்லாம் விடுவித்தேன். பாய் சிங்கப்பூருக்குப் போன் செய்து கேட்டார். வரவில்லை என்றார்கள். அங்கேயும் ஒரு ஃபில்டர் இருக்கும் அல்லவா?

“சார், இதை மட்டும் சாதாரணமா, கறுப்பு எழுத்துல அனுப்பலாம்.”

முதலாளி முகம் மாறியது. “கருமாதிப் பத்திரிகைதாம்மா கறுப்புல அடிப்பாங்க. பில்லு வேற, இது வேற. கல்யாணப் பொண்ணுக்குப் போறதும்மா.”

“மொதலாளி, மஞ்சளா அனுப்பினா போய்ச் சேர மாட்டேங்குது. கறுப்பா போனாலும் புடவை செவப்பாத்தானே வரப்போவுது?” என்றார் பாய்.

முதலாளி சிரிக்கவில்லை. சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தபடி, “அனுப்பு” என்றார்.

அனுப்பினோம். என் மகளை விட்டிருக்கும் க்ரீச்சிலிருந்து போன் வந்தது. “உங்க பொண்ணு மட்டும்தான் மேடம் இருக்குது.” இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழாமல் இருந்தேன். அடுத்து சாயப் பட்டறையிலிருந்து போன். “கொப்பரை காஞ்சிக்கினு இருக்குதுபா, கலர் சொல்றீங்களா, இல்ல இறக்கிடவா?” பாய் அவரைப் பேச்சில் நிறுத்தி வைத்திருக்கும்போதே பதில் வந்தது, பெண்ணின் அம்மாவிடமிருந்து.

“மூன்றாவது அரக்கு போதும். பெரியவள் கல்யாணத்துக்கு மஞ்சளில் அழகாக எழுதியிருந்தீர்கள். இந்த முறை ஏன் கறுப்பு? அங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.”

பாய் கலரைச் சொல்லி போனை வைத்தார். முதலாளி அந்த மெயிலைப் படித்துவிட்டு மறுபடி சாமி படத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பழுதான மெயிலைச் சோதிக்க வேண்டுமென்றால் அதே மெயிலைத்தான் அனுப்பிப் பார்க்க வேண்டும், வேறொன்றை அல்ல. நான் கற்றது அது. ஆனால் அடுத்து செய்ததுதான் உறுத்துகிறது. பாயின் கம்ப்யூட்டரிலிருந்து போகும் மெயிலை மட்டும் ஃபில்டர் தொடாதபடி விலக்கு வைத்தேன். மெயிலை மஞ்சளில் அனுப்பிவிட்டு, ஸ்பேம் ஃபோல்டரிலும் பாருங்கள் என்று பாய் போனில் சொல்லிவிடுகிறார். முன்பு வைரஸ் புகுந்ததும் அதே கம்ப்யூட்டரில்தான்.

விலக்கை எடுத்தால் ஒரு கல்யாணம் நிற்கலாம். விட்டுவைத்தால் மறுபடி எல்லாமே நிற்கலாம். இதே வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். காலையில் வந்ததும் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், பாயின் கம்ப்யூட்டரிலிருந்து ராத்திரி எத்தனை மெயில் போயிருக்கிறது என்று லாகைத்தான் திறக்கிறேன்.