உர்போவுக்குப் போதும்

தம்பெரே நகரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற உர்போ கெட்டுனென் இரண்டே விஷயங்களை மனதார நம்பினார். ஒன்று, இயந்திரங்கள் ஒருநாள் மனிதர்களைத் தீர்த்துக்கட்டும். இரண்டு, சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் தன்னை முதலில் எழுந்து ஓட வைக்கிற ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை. இரண்டையும் ஒரே அறையில் சந்திக்க நேரும் என்று பாவம், அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் நம்பிக்கை பஸ்ஸில் வந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, திரும்பக் கிளம்பும் வரை திகில் நாவல் படிப்பார். லிஃப்டுக்குப் புத்தி வந்து குடித்தனக்காரர்களை நசுக்கும். காப்பி மெஷின் கோபித்துக்கொண்டு விஷம் கலக்கும். படித்துப் படித்து, அந்த நாள் வரும்போது தன்னை மட்டும் விட்டுவிட வேண்டுமே என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். கடையில் தானே பில் போடும் மெஷினுக்கு நன்றி சொல்வார். வீட்டில் ரோபோ துடைப்பம் உருண்டு வந்தால் காலைத் தூக்கி, "போ ராஜா, போ" என்று வழிவிடுவார்.

"என்கிட்ட ஒருநாளாவது இப்படி மரியாதையா பேசியிருக்கியா?" என்பாள் மனைவி தூலிக்கி.

"நீ என்னைக் கொல்ல மாட்டியே."

"அவ்வளவு நிச்சயமா சொல்லாத."

இரண்டாவது நம்பிக்கைக்குக் காரணம் வெய்யோ. கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர். அடுக்ககத்தின் பொதுச் சவுனாவில் சனிக்கிழமை சாயங்கால முறை இவர்கள் இருவருக்கும். மேல்பலகையில் அம்மணமாக உட்கார்ந்து, அடுப்பின் மேல் காயும் கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வேக வேண்டியது. முதலில் எழுந்தவன் வெளியே போய் இருவருக்கும் மக்கரா என்கிற சாசேஜ் துண்டங்களைச் சுட்டுக் கடுகு தடவ வேண்டும். இது போட்டி என்று இருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக மக்கரா சுட்டது வெய்யோ மட்டும்தான் என்பதையும் சொன்னதில்லை. சொல்வானேன்?

ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில் சவுனா அடுப்பு பழுதானது. அடுக்ககத் தலைவி மிர்வா, பேசுகிற புது அடுப்பு வாங்கலாம் என்று கூட்டத்தில் சொன்னாள். தானே சூட்டை அறியும், தானே தண்ணீர் தெளிக்கும், குடியிருப்பவர்களின் ருசியைக் கற்றுக்கொள்ளும்.

"கற்றுக்கிட்டு?" என்று எழுந்தார் உர்போ. "நம்மள வேகவச்சுத் தின்னுமே, அதைச் சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்த்து ஒரே ஒரு கை. அடுப்பு வந்தது. அதன் பெயர் ஐலி.

ஐலிக்குத் தேன் மாதிரி குரல். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "சூடு போதுமா? போதும்னா சொல்லுங்க, குறைச்சுடறேன்" என்று கேட்கும். தம்பெரேயில் பிறந்த எவன் சொல்வான்? "எனக்கு ஒரு குறையும் இல்ல" என்பார் உர்போ. "சும்மா குளிருது" என்பார் வெய்யோ. ஐலி ஒரு கணம் யோசித்துவிட்டு, 'ஸ்ஸ்ஸ்' என்று கல்லில் பீய்ச்சும். போதாக்குறைக்கு, யார் என்ன கேட்டார்கள் என்பதை மாடிப்படி அருகே ஒரு திரையில் காட்டும். இந்தக் கட்டடத்தில் எதுவும் ஒளிவுமறைவாக நடக்கக் கூடாது என்பது மிர்வாவின் கொள்கை.

வாரத்துக்கு வாரம் சூடு ஏறியது. மூன்றாம் மாடி ஆசிரியரின் காது மடல் இறால் நிறத்துக்கு வந்தது. உர்போவின் மூக்குக் கண்ணாடி உருகிச் சாய்ந்தது.

"டேய், இது நம்மளக் கொல்லப் பாக்குதுடா" என்றார் உர்போ.

"அப்ப வெளிய போ."

"நீ முதல்ல போ."

இருவரும் போகவில்லை. கதவு பூட்டாமல்தான் கிடந்தது.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, துண்டோடு கிளம்பியவரைத் தூலிக்கி நிறுத்தினாள். "வெய்யோ வீட்டம்மா அழுதாங்க. அவருக்கு நெஞ்சு சரியில்லையாம். அதிகச் சூட்டுல உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கலையாம். உனக்குத் தெரியும்னு காட்டிக்காத, மானம் போச்சுன்னு முகம் குடுக்க மாட்டார்."

உர்போ படியில் அவசரமாக இறங்கினார். சவுனாவில் வெய்யோ ஏற்கெனவே மேல்பலகையில் இருந்தார்.

"பசிக்குதுடா, போலாமா?" என்று ஆரம்பித்தார் உர்போ.

"இப்பதான வந்த?"

"உன் வீட்டம்மா கூப்பிடற மாதிரி இருக்கு."

"கூப்பிடட்டும்."

"பைப்பு எங்கயோ ஒழுகுதுடா!"

"ரிட்டயர் ஆயிட்டேன்."

ஒரு பாச்சாவும் பலிக்கவில்லை. தான் எழுந்து போகலாம்தான். ஆனால் முதல்முறையாக ஜெயித்த வெய்யோ, அந்த ருசியை அனுபவிக்கவே இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஐலியும் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும்.

"சூடு போதுமா?" என்றது ஐலி.

"சும்மா குளிருது" என்றார் வெய்யோ. உதடு வெளுத்திருந்தது. ஸ்ஸ்ஸ்!

உர்போ கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தொண்டைக்குள்ளேயே, "போதும்" என்றார்.

"மன்னிக்கணும், சரியா கேக்கல."

"போதும்!"

"நன்றி. யாருக்குப் போதும்? திரையில போடணும், பேர் சொல்லுங்க."

பாவி அடுப்பு! நாவல்களில் வந்த எந்த இயந்திரமும் இவ்வளவு கொடுமை செய்ததில்லை. உர்போ எழுந்து நின்று, கட்டடமே அதிரக் கத்தினார்: "உர்போவுக்கு! உர்போ கெட்டுனெனுக்குப் போதும்!"

"குறைச்சுட்டேன். இதுவரைக்கும் யாருமே சொல்லல. எல்லாருக்கும் இன்னும் வேணும்போலன்னு நினைச்சுட்டேன்" என்றது ஐலி, நிஜமாகவே வருத்தப்படுவது போல.

வெளியே பனியில் உட்கார்ந்து உர்போ மக்கரா சுட்டார். பாதி கரிந்துபோனது. வெய்யோ கரிந்ததையும் மிச்சம் வைக்காமல் தின்றார்.

மறுநாள் மாடிப்படியில் இறங்கவே உர்போவுக்குக் கூசியது. திரையில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். ஆனால் ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்தால் மறுபடி: 'உர்போ கெட்டுனெனுக்குப் போதும்.' அன்று அவர் சவுனா பக்கமே போகவில்லை. புதன்கிழமை அதே. வியாழக்கிழமை பெண்கள் முறை, அதிலும் அதே!

"மெஷினு என் பேர்ல பழி வாங்குது, பாத்தியா?" என்று பதறினார்.

தூலிக்கி சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "மெஷினு இல்ல மனுஷா. எல்லாரும் உன் பேரைச் சொல்லித் தப்பிக்கிறாங்க. நானும்தான் சொன்னேன்."

கட்டடம் முழுக்க ஒவ்வொருவனும் வாயைப் பொத்திக்கொண்டு வெந்துகொண்டிருந்திருக்கிறான். உர்போவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை ஐலியிடம் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனார்.

உட்கார்ந்ததுதான் தாமதம்.

"சூடு போதுமா?"

"உர்போவுக்குப் போதும்" என்றார் வெய்யோ.

"டேய்! இன்னும் வேர்க்கவே இல்லையேடா!"

வெய்யோ தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெஞ்சு சரியில்லடா எனக்கு. என் பேரைச் சொல்ல வாய் வரல."

உர்போ தண்ணீர் மொள்ளும் கரண்டியை எடுத்துத் தூரமாக வைத்தார்.

"உர்போ, உங்களுக்குப் போதுங்களா?" என்று ஐலி உறுதி கேட்டது.

"ஆமாம்மா" என்றார் உர்போ. "எனக்குத்தான் போதும்."